அன்னபுஷ்பம் மூழ்கடித்த கப்பல்

சினிமாவில் எத்தனை வகை உண்டோ அத்தனையும் பார்த்துத் தீர்த்தவள் அன்னபுஷ்பம். சாமிப் படம், அழுகைப் படம், கத்திச் சண்டைப் படம், பேய்ப் படம், மாடு நடித்த படம், எதையும் விட்டதில்லை. ஆனால் எது உசத்தி என்று கேட்டால் ஒரு நொடிகூட யோசிக்க மாட்டாள்.

“தண்ணிக்குள்ள முழுகிப் போற கப்பல் படந்தான். மத்ததெல்லாம் சும்மா. நடுநடுவுல பாட்டப் போட்டு நேரத்தக் கடத்துவான்.”

சொன்னால் சொன்னதுதான். அவளிடம் வாயைக் கொடுத்துவிட்டு மீண்டவர் அந்த வட்டாரத்தில் கிடையாது. சேரப்பணஞ்சேரிக்கும் படப்பைக்கும் நடுவே சாலையோரத்தில் கோதண்டராமன் என்பவர் ஒரு டூரிங் டாக்கீஸ் நடத்திவந்தார். ஊர் வாயில் அது கொட்டாய். அங்கே பெண்கள் பக்கம் டிக்கெட் கொடுப்பது அன்னபுஷ்பத்தின் வேலை. ஆனால் யாரும் அவளை டிக்கெட்காரி என்று சொன்னதில்லை, கதை சொல்ற அன்னம் என்றுதான் சொல்வார்கள்.

காரணம் இருக்கிறது. புதுத் தமிழ்ப் படம் கிடைக்காத வாரங்களில் கோதண்டராமன் மலிவாக ஏதாவது ஓர் இங்கிலீஷ் படத்தைப் பிடித்துப் போட்டுவிடுவார். திரையில் வெள்ளைக்காரன் தஸ்ஸு புஸ்ஸு என்று பேசுவான். மணலில் உட்கார்ந்திருக்கும் சனத்துக்கு ஒரு இழவும் புரியாது. அன்னபுஷ்பத்துக்குப் புரியும். கல்யாணத்துக்கு முன்னால் பல்லாவரத்தில் ஒரு சட்டைக்காரர், அதாவது ஆங்கிலோ இந்தியர், குடும்பத்தில் அவள் ஆயாவாக இருந்தாள். அந்த வீட்டு அம்மாளுக்கு சினிமாப் பைத்தியம். கைக்குழந்தையைத் தூக்கிக்கொள்ள ஆள் வேண்டுமென்று மவுண்ட் ரோட்டுக் கொட்டகைகளுக்கெல்லாம் இவளையும் இழுத்துக்கொண்டு போவாள். குழந்தை மடியில் தூங்கும், இவள் கண் கொட்டாமல் படம் பார்ப்பாள். முதல் நீர்மூழ்கிப் படத்தை அங்கேதான் பார்த்தாள்.

ஆகவே கொட்டாயில் இங்கிலீஷ் படம் ஓடினால், ஆண்கள் பக்கத்தையும் பெண்கள் பக்கத்தையும் பிரிக்கிற இடுப்புயரச் சுவரை ஒட்டி அன்னபுஷ்பம் உட்கார்ந்துகொண்டு, பெண்களுக்குக் கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவாள். மைக் எல்லாம் கிடையாது. அந்தத் தொண்டைக்கு மைக் எதற்கு? சுவருக்கு அந்தப் பக்கம் பீடி வலித்துக்கொண்டிருக்கிற ஆண்களும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள்.

நீர்மூழ்கிப் படம் என்றால் அவளுக்குத் தனிக் குஷி. ஒரு படத்தில் கப்பல் சமையல்காரன் முட்டைக்காக ஒரு பெட்டைக்கோழியை ஒளித்து வைத்திருப்பான். மேலே எதிரிக் கப்பல் வந்து நிற்கும். கீழே மூச்சுச் சத்தம்கூடக் கேட்கக் கூடாது. அந்த நேரம் பார்த்துக் கோழி முட்டையிடத் தயாராகும். “ஐயோ, கேறப் போவுதுடி, கேறப் போவுது, எவனாச்சும் அது வாயப் பொத்துங்கடா!” என்று அன்னபுஷ்பம் குரலை இறக்கிச் சொன்னபோது, பெண்கள் பக்கத்தில் கைக்குழந்தைக்காரிகள் எல்லாரும் அவசர அவசரமாகப் பிள்ளைக்குப் பால் கொடுத்தார்கள், அழுது காட்டிக்கொடுத்துவிடுமோ என்று. இன்னொரு படத்தில் இரண்டு பேருக்கு ஒரே படுக்கை. இவன் எழுந்து வேலைக்குப் போனால் அவன் வந்து அந்தச் சூட்டிலேயே படுப்பான். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. படம் முடியும்வரை பேசாமலே ஒருத்தன் இன்னொருத்தனுக்குத் தலையணையைத் தட்டி வைத்துவிட்டுப் போவான்.

இந்தப் படங்கள் மேல் அப்படி என்ன ஆசை என்று கேட்டால் அதற்கும் பதில் வைத்திருந்தாள்.

“அந்தக் கப்பல்ல ஒரு பொம்பள கிடையாது. ஆக்குறது, பெருக்குறது, துணி காயப்போடுறது எல்லாம் ஆம்பளைங்களே பண்றானுங்க. பாக்கவே கண்ணுக்குக் குளிர்ச்சியா கீது. அப்புறம் சண்ட வந்துச்சுன்னு வெச்சிக்க, துண்ட ஒதறித் தோள்ல போட்டுகினு வெளிய போயிட முடியாது. எங்க போவ? சுத்தித் தண்ணி!”

இந்தக் குத்து யாருக்கு என்று எல்லாருக்கும் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற அவள் புருஷன் யாக்கோபுக்கு. லாரி ஷெட்டில் வெல்டராக இருந்த யாக்கோபு வீட்டில் இரண்டு வார்த்தை தடித்தால் துண்டை உதறிக்கொண்டு கிளம்பிவிடுகிற ஆள். ஆண்கள் பக்கம் கொல்லென்று சிரிக்கும். யாக்கோபு பீடியை மணலில் குத்தி அணைப்பான்.

நீர்மூழ்கிப் படத்துக்கு அவள் ஒரு பரீட்சையும் வைத்திருந்தாள். கப்பலில் சமைக்கிற இடத்தைக் காட்ட வேண்டும், கக்கூஸைக் காட்ட வேண்டும். அது இரண்டையும் காட்டாத படம் பொய்ப் படம். எடுத்தவன் கப்பலையே பார்க்காதவன்.

அறுபத்தாறாம் வருஷம் ஒரு நீர்மூழ்கிப் படம் வந்தது. சமையல் கட்டும் இருந்தது, கக்கூஸும் இருந்தது. தாடிக்காரக் கேப்டன், எப்போதும் சிரிக்க வைக்கிற குண்டுச் சமையல்காரன், புதுசாகக் கல்யாணமான ஒரு பொடியன். குண்டு வெடித்துக் கப்பல் உடைந்து கடலடியில் போய் உட்கார்ந்துவிடுகிறது. தண்ணீர் முழங்கால், இடுப்பு, மார்பு என்று ஏறுகிறது. கேப்டன் சட்டைப் பையிலிருந்து பெண்டாட்டியின் போட்டோவை எடுத்து ஒரு முத்தம் கொடுக்கிறான். அத்தோடு ரீல் முடிந்து விளக்கு எரிந்தது. கொட்டாயில் ஒரே ஒரு புரொஜெக்டர்தான், ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கு எரிவது வழக்கம். சனம் முறுக்கைக் கடித்துக்கொண்டு காத்திருந்தது. விளக்கு அணையவே இல்லை.

கோதண்டராமன் வியர்த்து வடிய பெண்கள் பக்கம் ஓடி வந்தார்.

“அன்னம், பெட்டில கடைசி ரீல் இல்ல. மெட்ராஸ்லேர்ந்தே அனுப்பல. இனிமே எங்க போயி வாங்குறது? ஏதாவது சொல்லிப் படத்த முடிச்சிடு. இல்லாட்டி கொட்டாயக் கொளுத்திடுவானுங்க.”

அன்னபுஷ்பம் யோசித்தாள். பெண்டாட்டி போட்டோவைப் பார்த்துக் கண் கலங்கினவன் பிழைத்ததாக எந்தத் தமிழ்ப் படத்திலாவது உண்டா? கிடையாது. போட்டோவைக் கையில் எடுத்தாலே ஆள் காலி என்று அர்த்தம். வெள்ளைக்காரனுக்கு மட்டும் வேறு கணக்கா? அவள் எழுந்து நின்றாள். ஒவ்வொருத்தராக மூழ்கடித்தாள். பொடியன் “என் பொண்டாட்டி என்னைத் தேடுவாளே” என்று சொல்லிச் செத்தான். குண்டுச் சமையல்காரன் கடைசி ரொட்டியை எல்லாருக்கும் பிய்த்துக் கொடுத்துவிட்டு, தனக்கு இல்லாமல் செத்தான். கேப்டன் போட்டோவோடு போனான். கப்பல் மேலே வரவே இல்லை.

அடேயப்பா, அன்றைக்கு அழுத அழுகை! ஆண்கள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்கள். ஒருத்தர்கூட ரீலைப் பற்றிக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு லூர்தம்மாள் இளகின மனசுக்காரி. அவளுக்கு அந்தச் சமையல்காரனை மறக்கவே முடியவில்லை. அந்த வருஷம் நவம்பரில், செத்தவர்களுக்காக வேண்டிக்கொள்கிற ஆத்துமாக்கள் மாதத்தில், மாதா கோயிலில் அவனுக்காக ஒரு பூசை வைத்துவிட்டாள். இறந்தவர் பெயர் என்ன என்று சாமியார் கேட்டாராம். “பேரு தெரியல சாமி, சமையல்காரரு, தண்ணில பூட்டாரு” என்றாளாம். சாமியாரும் ஏதோ ஓட்டல்காரர் என்று நினைத்துப் பூசையை நடத்திவிட்டார்.

அப்போதிருந்து நீர்மூழ்கி என்றால் போனவன் வர மாட்டான் என்பது அங்கே முடிந்துபோன விஷயம். ஏரியில் பிள்ளைகள் முங்கி விளையாடினால்கூட, “டேய், கப்பல்காரனுங்க மாதிரி பூடுவீங்கடா” என்று தாய்மார்கள் கரையிலிருந்து கத்துவார்கள்.

இது இப்படியே இருந்திருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. எண்பத்தொன்றில் வந்தது வினை.

யாக்கோபுக்கும் அன்னபுஷ்பத்துக்கும் ஒரே மகள் சகாயமேரி. மறைமலை நகரில் ஒரு மோட்டார் கம்பெனியில் காயில் சுற்றுகிற லைனில் வேலை. பக்கத்து மேசையில் வேலை செய்த பெண்ணின் கல்யாணத்துக்குப் போனாள். அங்கே மணப்பெண்ணின் அண்ணன், சிங்கப்பெருமாள் கோவில் கிறிஸ்துதாஸ், இவளைப் பார்த்தான். இவளும் பார்த்தாள். அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது? நேவியில் இருக்கிற பையன், நல்ல குடும்பம், நம்மைப் போலவே மாதா கோயில்காரர்கள். பதினைந்து நாளில் அவனும் அவன் அம்மாவும் பெண் பார்க்க வந்து உட்கார்ந்துவிட்டார்கள். லூர்தம்மாள் பூ வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். எல்லாம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது.

“நேவில இன்னா வேலைப்பா உனுக்கு?” என்று யாக்கோபு பேச்சுக்குக் கேட்டான்.

“எலெக்ட்ரிகல்ங்க மாமா. விசாகப்பட்டினத்துல. நீர்மூழ்கிக் கப்பல்.”

யாக்கோபின் கையிலிருந்த காப்பி டம்ளர் வாய்க்குப் போகாமல் நின்றது. லூர்தம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

அன்னபுஷ்பத்துக்கோ தலைகால் புரியவில்லை. வாழ்நாள் பூராவும் படத்திலேயே பார்த்த ஆசாமி, நிஜமாகவே வீட்டுக்குள் வந்து பெஞ்சில் உட்கார்ந்து பஜ்ஜி தின்கிறான்! சம்பந்தியம்மா இருக்கிறாள் என்றுகூடப் பார்க்காமல் கேட்டேவிட்டாள்.

“தம்பி, உள்ள கக்கூஸ் எப்பிடிப்பா?”

பையன் முகம் சிவந்துபோயிற்று. ஆனாலும் பதில் சொன்னான். “சின்னதுங்க அத்தை. வரிசைல நிக்கணும். எந்த வால்வ எப்பத் தொறக்கணும்னு தெரியாம தொறந்தா எல்லாம் நம்ம மேலயே திரும்ப வந்துடும். எனக்கு மொதோ வாரமே வந்துச்சு.”

அன்னபுஷ்பம் தொடையைத் தட்டிச் சிரித்தாள். படுக்கை எப்படி, சமையல் யார், குளிக்கத் தண்ணீர் உண்டா, சண்டை போட்டால் யார் சமாதானம் செய்வது என்று அடுக்கிக்கொண்டே போனாள். அவனும் சளைக்காமல் சொன்னான். பரீட்சையில் பையன் பாஸ். இவன்தான் மருமகன் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டாள். திரும்பிப் பார்த்தால் யாக்கோபின் மூஞ்சி இஞ்சி தின்ற மாதிரி இருந்தது.

அவர்கள் பஸ் ஏறினதும் வீட்டில் வெடித்தது.

“பொண்ணக் குடுக்க மாட்டேன். அவ்ளோதான்.”

“இன்னாத்துக்கு? பையனுக்கு இன்னா கொற?”

“கொறயா? தண்ணிக்குள்ள போறவன் மேல வர மாட்டான்னு பதினஞ்சு வருசமா நீதாண்டி சொல்லிகினு கீற! எம் பொண்ணு போட்டோவுக்கு முத்தங் குடுத்துட்டு அவன் பூடுவான். அவ இங்க வந்து மூலைல குந்திகினு இருக்கணுமா?”

அன்னபுஷ்பத்துக்குச் சுர்ரென்று ஏறியது. “அது நானா கட்டின கதைய்யா! கடைசி ரீல் வரவே இல்ல. மொதலாளி எதனா சொல்லுன்னாரு, சொன்னேன். கொட்டாயக் காப்பாத்தினேனா இல்லியா?”

“அப்போ அவனுங்க மேல வந்துட்டானுங்களா?”

“வந்துட்டானுங்க.”

“நீ பாத்தியா?”

“பாக்கணுமா இன்னா? எத்தினி படம் பாத்தவ நான்? வந்துதான் இருப்பானுங்க.”

மீந்த பூவை வைத்துவிட்டுப் போக வந்த லூர்தம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை. “அடிப் பாவி அன்னம்! அப்போ உசிரோட கீற மனுசனுக்கா நான் பூசை வெச்சேன்?” என்று சொல்லிவிட்டு விடுவிடு என்று போனவள், தெரு முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போனாள்.

சகாயமேரி ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். டிபன் டப்பாவை நங்கென்று வைத்தாள். “நான் இன்னா அந்தப் படத்தயா கட்டிக்கப் போறேன்? ரெண்டு பேரும் படத்தப் பத்தியே பேசிகினு இருங்க. எனக்கு அவரத்தான் புடிச்சிருக்கு. அவரு இல்லாட்டி எனக்குக் கல்யாணமே வாணாம்.” கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

யாக்கோபு பிடித்த பிடியை விடவில்லை. ஆனால் மகள் அழுதது அவனையும் சுட்டிருக்க வேண்டும். துண்டை உதறித் தோளில் போட்டவன் வாசலில் நின்று சொன்னான். “அந்தக் கடைசி ரீலக் காட்டு. அவனுங்க மேல வர்றத எங் கண்ணால பாத்துட்டேன்னா, அன்னைக்கே சரின்னு சொல்லிடறேன்.”

“காட்டறேன். காட்டாம வுட்டா எம் பேரு அன்னபுஷ்பம் இல்ல.”

பையனுக்கு லீவு அடுத்த திங்கட்கிழமையோடு முடிகிறது. அன்னபுஷ்பம் நேரே கோதண்டராமனிடம் போனாள். அவர் முதலில் கையை விரித்தார். பழைய படம், யார் பார்ப்பார்கள் என்றார். “யாரு பாப்பாங்களா? மேல வந்தானுங்களா இல்லியான்னு ஊரே கேட்டுகினு கீது. நீங்க கொட்டாய்க்குக் கதவு போட்டு வையுங்க, கூட்டம் தாங்காது” என்றாள். அதுவும் நிஜம்தான். லூர்தம்மாள் புண்ணியத்தில் பேச்சு கம்பெனி பஸ் வரைக்கும் போயிருந்தது. ஒரு ஷிஃப்ட் மேலே வந்துவிட்டார்கள் என்றது, இன்னொரு ஷிஃப்ட் வரவில்லை என்றது.

கோதண்டராமன் மெட்ராஸ் போய், படப்பெட்டி வாடகைக்கு விடுகிற மீரான் சாகிப் தெருவில் படி ஏறி இறங்கிப் படத்தைத் தேடிப் பிடித்துவிட்டார். இந்தத் தடவை கடைசி ரீல் டப்பாவைத் தன் கையாலேயே தொட்டுப் பார்த்து வாங்கி வந்தார். சாலையில் நின்ற விளம்பரத் தட்டியில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தார்: ‘முழுப் படம்! கடைசி ரீல் உண்டு!’

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆபரேட்டர் கேட்டான். “அக்கா, கடைசி ரீல ஒருக்கா ஓட்டிப் பாத்துடலாமா?”

“எதுக்கு? எனக்குத் தெரியாதா?”

முதல் ஆட்டத்துக்கே கொட்டாய் நிறைந்து வழிந்தது. கிறிஸ்துதாஸையும் அவன் அம்மாவையும் ஆள் விட்டு அழைத்திருந்தாள். அம்மா பெண்கள் பக்கம் சகாயமேரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பையன் ஆண்கள் பக்கம் யாக்கோபு உட்கார்ந்திருந்த பெஞ்சின் மறு முனையில் உட்கார்ந்தான். நடுவில் இரண்டு ஆள் உட்காரலாம், ஒருத்தரும் உட்காரவில்லை.

படம் ஓடியது. அன்னபுஷ்பம் சொன்னாள் பாருங்கள், அப்படி அவள் எந்தப் படத்துக்கும் சொன்னதில்லை. சமையல்காரன் வந்தால் சிரிப்பு, கேப்டன் வந்தால் மரியாதை, பொடியன் வந்தால் பாசம். குண்டு வெடித்தது. தண்ணீர் ஏறியது. போட்டோ, முத்தம். விளக்கு எரிந்தது. இந்தத் தடவை யாரும் முறுக்குப் பக்கம் போகவில்லை. விளக்கு அணைந்தது.

கடைசி ரீலில் பம்ப்பு வேலை செய்தது. தண்ணீர் இறங்கியது. “பாத்துக்க! எறங்குது பாத்துக்க!” என்று சுவரைத் தட்டிக் கத்தினாள் அன்னபுஷ்பம், புருஷன் காதில் விழட்டும் என்று. கப்பல் அசைந்தது, மண்ணைவிட்டு எழும்பியது. பெண்கள் கை தட்டினார்கள். அப்போது பம்ப்பு நின்றது. விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கப்பல் திரும்பவும் கீழே போய் உட்கார்ந்தது. பொடியன் கேப்டன் தோளில் தலை சாய்த்தான். பிறகு மேலே கடல் மட்டும். அலை. அலையில் ஒரு தொப்பி மிதந்து வந்தது. அவ்வளவுதான், வணக்கம் போட்டுவிட்டான்.

அட, நான் அன்றைக்கே சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன் என்று அன்னபுஷ்பத்தின் மனசில் ஒரு கணம் பெருமை எட்டிப் பார்த்தது. அடுத்த கணம் அது போன இடம் தெரியவில்லை. அந்தத் தொப்பியைப் பார்க்கப் பயமாக இருந்தது. எத்தனையோ படத்தில் எத்தனையோ தொப்பி மிதந்து பார்த்தவள்தான், ஒன்றுக்கும் அவள் பயந்ததில்லை. இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் அதே மாதிரி தொப்பி போடுகிற பிள்ளை உட்கார்ந்திருந்தான்.

“நான் பூசை வெச்சது சரிதான்!” என்று லூர்தம்மாள் அழுகையும் வெற்றியுமாகக் கூவினாள். ஆண்கள் பக்கம் யாக்கோபு எழுந்தான். துண்டை உதறித் தோளில் போட்டான். “பாத்தாச்சு. வாங்க, வூட்டுக்குப் போலாம்” என்றான். குரலில் கோபம் இல்லை, அதுதான் மோசம். சகாயமேரி தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள், தோள் குலுங்கியது.

சனம் அன்னபுஷ்பத்தைப் பார்த்தது. ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தது. படத்தை மாற்றிச் சொல்ல அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? தொப்பிக்குப் பின்னால் ஆளும் நீந்தி வந்தான் என்று ஒரு வார்த்தை போதும். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. மகளைப் பார்த்தாள், விழுங்கிவிட்டாள். மணல் மேட்டில் ஏறி, சுவரில் கையூன்றி, கொட்டாய் முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிட்டாள்.

“மாப்ளே!”

அந்த வார்த்தையைச் சபையில் சொன்னால் சொன்னதுதான், திரும்ப எடுக்க முடியாது. நடந்துகொண்டிருந்த யாக்கோபு நின்றான்.

“மாப்ளே, உன்னத்தான்! அது செத்தவன் கத. அத நானும் சொன்னேன், படம் எடுத்தவனும் சொல்லிட்டான். நீ உசிரோட குந்திகினு கீற. எழுந்து நில்லு. நீ கீழ போயிட்டு எப்பிடி மேல வந்தன்னு சொல்லு. இவங்க கேக்கட்டும்.”

கிறிஸ்துதாஸ் எழுந்தான். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டான்.

“பெருசா ஒண்ணும் இல்லீங்க அத்தை. மேல வர்றதுக்கு ஆர்டர் குடுப்பாங்க. தொட்டில கீற தண்ணியக் காத்தால அடிச்சி வெளிய தள்ளிடுவோம். கப்பல் லேசாயிடும். மூக்கு மேல தூக்கும், நாங்க கம்பியப் புடிச்சிக்குவோம். அப்புறம் ஆடும். ஆட்டம் வந்துச்சுன்னா மேல வந்துட்டோம்னு அர்த்தம், கீழ ஆட்டமே இருக்காது. மூடியத் தொறப்பாங்க. மொதல்ல ஏணில ஏறுறவன் தலையில மிச்ச கடல் தண்ணி தொபக்குன்னு கொட்டும். எல்லாரும் சிரிப்பாங்க. அப்புறம் காத்து வரும். நல்ல காத்துதான், ஆனா எங்களுக்கு நாறும். டீசல் வாசனையே பழகிப்போயிருக்கும் இல்லீங்களா? இருமுவோம். அப்புறம் சமையல்காரரு மேல வந்து உருளக்கெழங்குத் தோலக் கொட்டுவாரு.”

உருளைக்கிழங்குத் தோல் என்றதும் லூர்தம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்துவிட்டாள். யாக்கோபு பெஞ்சு பக்கம் திரும்பி வந்தான். கிட்டே வந்து பையனை மேலும் கீழும் பார்த்தான்.

“இத அன்னைக்கே வூட்டுல சொல்றதுக்கு இன்னா?”

“நீங்க என்னை ஒண்ணுமே கேக்கலியே மாமா. படத்தத்தான் கேட்டீங்க.”

யாக்கோபு தோள் துண்டை இறக்கிக் கையில் சுருட்டினான். இந்தத் தடவை குரல் உடைந்து கேட்டான். “ஒவ்வொரு வாட்டியும் மேல வந்துடுவியா?”

“இதுவரைக்கும் வந்துட்டேன் மாமா. இனிமேயும் வருவேன்னு சத்தியம் பண்ண எனக்குத் தெரியாது. பொய் சொல்லிப் பொண்ணு கேக்க மாட்டேன்.”

பெண்கள் பக்கத்தில் சகாயமேரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. “அப்பா, எனக்கு இது போதும்” என்றாள், அம்மாவுக்குப் பிறந்த பெண் என்று காட்டுகிற குரலில்.

அன்னபுஷ்பம் மணல் மேட்டிலிருந்து இறங்கினாள். பயம் அப்படியே இருந்தது, ஒரு குன்றிமணிகூடக் குறையவில்லை. இந்தப் பிள்ளை ஒவ்வொரு தடவை ரயில் ஏறும்போதும் இந்தப் பயத்தை மகளும் தானும் சேர்ந்து சுமக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. சுமக்கலாம், அதற்கென்ன என்று நினைத்தாள்.

யாக்கோபு சுவர் ஓரமாக வந்து நின்றான். மருமகனைப் பார்க்காமல் பெண்டாட்டியைப் பார்த்துச் சொன்னான்.

“ஏ அன்னம், அடுத்த லீவு எப்பன்னு அந்தப் புள்ளயக் கேளு. சாமியார் கிட்ட கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லணும்.”

“ஏன், உன் வாயில இன்னா? உனக்கும் அவன் மருமவன்தான். நீயே கேளு” என்றாள் அன்னபுஷ்பம்.

யாக்கோபு திரும்பி, அவனையே கேட்டான்.